போலீஸ் பொறுப்புக்கூறல், போதைச் சட்டச் சீர்திருத்தம்: மேயர் வேட்பாளர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க நகரங்களில் போலீஸைக் கேள்வி கேட்பேன், போதைச் சட்டத்தைத் திருத்துவேன் என்று மேயர் தேர்தலில் நிற்பவர்களுக்குக் கொள்கையில் பெரிய குறை இருப்பதில்லை. மேயர் நாற்காலியில் இல்லாத அதிகாரத்தை நம்பி வாக்குறுதி கொடுப்பதுதான் குறை. எதிராளிகள் முதலில் பிடிப்பதும் அதையே.

"பதவியேற்ற அன்றே போலீஸ் தலைவரை மாற்றுவேன்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பீனிக்ஸ் போன்ற நகரங்களில் நிர்வாகம் கவுன்சில் அமர்த்தும் நகர மேலாளர் கையில். போலீஸ் தலைவரை நியமிப்பவர் அவர்தான். மேயருக்குக் கவுன்சிலில் ஒரே ஓட்டு. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம் குறுக்கே நிற்கிறது. மிசூரியின் கன்சாஸ் சிட்டியில் நிலைமை இன்னும் மோசம்: ஐந்து பேர் வாரியத்தில் நால்வரை ஆளுநர் நியமிக்கிறார், மேயர் ஐந்தாவது ஆள். நகரத்தின் பொது வருவாயில் குறைந்தது 25 சதவீதம் போலீஸுக்குப் போக வேண்டும் என்றும் மாநிலம் விதித்திருக்கிறது. அங்கே ஒருவர் "போலீஸ் பட்ஜெட்டை வெட்டுவேன்" என்றால் அது வெறும் பேச்சு. அதே மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் 2013-ல் தன் போலீஸின் கட்டுப்பாட்டை மாநிலத்திடமிருந்து திரும்பப் பெற்றது. 2025-ல் மாநிலம் மறுபடி எடுத்துக்கொண்டது.

ஆகவே துண்டறிக்கை அச்சடிப்பதற்கு முன் நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தைத் திறந்து, நியமனம், நீக்கம், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய மூன்றும் எந்தப் பிரிவில் வருகின்றன, கையெழுத்திடுவது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் நேரே மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் கையெழுத்து, எந்தச் சட்டப் பிரிவு, எந்த மாதம். முதல் இடத்தில் "மேயர்" என்று எழுத முடியாதவற்றை "செய்வேன்" பட்டியலிலிருந்து "வலியுறுத்துவேன்" பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள். பட்டியல் பாதியாகச் சுருங்கும். சுருங்கட்டும்.

போதைச் சட்டத்தில் இந்தத் தவறு இன்னும் பெரியது. குற்றம் எது என்பதை மாநிலச் சட்டமும், 1970-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கட்டுப்பாட்டுப் பொருள் சட்டமும் தீர்மானிக்கின்றன. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாவட்ட அரசு வழக்கறிஞரின் முடிவு. 2005-ல் டென்வர் வாக்காளர்கள், 21 வயது நிரம்பியவர்கள் ஒரு அவுன்ஸ் வரை கஞ்சா வைத்திருப்பது நகரச் சட்டப்படி குற்றமில்லை என்று வாக்களித்தார்கள். போலீஸ் என்ன செய்தது? அதே ஆட்களை மாநிலச் சட்டத்தின் கீழ் பிடித்தது. டெக்சஸில் போதைச் சட்டங்களை முழுமையாக அமல்படுத்தாத கொள்கையை நகரங்கள் வகுக்கவே கூடாது என்று மாநிலச் சட்டம் தடுக்கிறது. ஆஸ்டின் மக்கள் 2022-ல் கஞ்சாக் கைதுகளுக்கு எதிராக வாக்களித்தும், 2024-ல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நகரத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்.

அதற்காக மேயரால் ஒன்றும் முடியாது என்றில்லை. இருக்கும் அதிகாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அலபாமாவின் பர்மிங்ஹாம் மேயர் ராண்டல் வுட்ஃபின், நகர நீதிமன்றத் தண்டனைகளுக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் தனக்கு இருப்பதைப் பயன்படுத்தி, 2021-ல் 15,000-க்கும் மேற்பட்டோரின் பழைய கஞ்சா வழக்குகளை ஒரே கையெழுத்தில் மன்னித்தார். பால்டிமோர் மேயர் கர்ட் ஷ்மோக் 1988-லேயே போதையைக் குற்றமாகப் பார்ப்பதை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி தரும் பரிமாற்றத் திட்டத்துக்கு மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி கிடைக்க 1994 ஆனது. இடையில் 1991-ல் அவர் மறுபடி ஜெயித்தார் என்பதையும் கவனியுங்கள்; இந்தப் பேச்சைத் தொட்டாலே தோல்வி என்று பயமுறுத்தும் ஆலோசகர்களுக்கு அது பதில்.

விவாத மேடையில் கட்டாயம் வரும் கேள்வி: "பள்ளி வாசலில் ஒருவன் கஞ்சா புகைத்தால் விட்டுவிடுவீர்களா?" இதற்குச் சமூக நீதிப் பேச்சு பதிலாகாது. 2014-ல் பிலடெல்பியா செய்ததைப் பாருங்கள். 30 கிராம் வரை வைத்திருந்தால் 25 டாலர் அபராதம். பொது இடத்தில் புகைத்தால் 100 டாலர். வைத்திருப்பது வேறு, புகைப்பது வேறு என்று பிரித்ததால் அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் இருந்தது. கவுன்சிலில் அதை முன்னெடுத்த ஜிம் கென்னி அடுத்த ஆண்டே மேயர் தேர்தலில் ஜெயித்தார்.

ஓரிகன் மாநிலத்தைக் காட்டி எதிராளி அடிப்பார். அதற்கும் தயாராக இருங்கள். 2020-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 110-ஆம் பிரேரணைப்படி சிறிதளவு போதைப்பொருள் வைத்திருந்தால் 100 டாலர் அபராதச் சீட்டு மட்டும்; சிகிச்சைக்கான உதவி எண்ணுக்கு, ஒரு தொலைபேசி அழைப்பில் அதுவும் ரத்து. அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சை மையங்களுக்கான பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் மாநிலம் மீண்டும் அதைக் குற்றமாக்கியது. தண்டனையை நீக்கும் தேதியை முதலில் வைத்து, சிகிச்சைப் படுக்கைகளைப் பிறகு தேடினால் இதுதான் நடக்கும். உங்கள் திட்டத்தில் சிகிச்சை இடங்களின் எண்ணிக்கையும், பணம் வரும் கணக்கும் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

போலீஸ் பொறுப்புக்கூறலில் பலர் படிக்காமல் விடும் ஆவணம் தொழிற்சங்க ஒப்பந்தம். நூறு பக்கம் இருந்தாலும் உட்கார்ந்து படியுங்கள். முதலில் அது காலாவதியாகும் தேதி. நீங்கள் பதவியேற்பதற்குச் சில மாதம் முன்பு புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால், உங்கள் பதவிக்காலத்தின் பெரும்பகுதி பூட்டப்பட்டுவிட்டது என்று பொருள். அடுத்து, சம்பவத்துக்குப் பிறகு அதிகாரியை விசாரிக்க எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், விசாரணைக்கு முன் அவர் வீடியோவைப் பார்க்கலாமா, பழைய தண்டனைப் பதிவுகள் எப்போது அழிக்கப்படும், பணிநீக்கத்தை வெளி நடுவர் ரத்து செய்யலாமா. நடுவர் ரத்து செய்யலாம் என்றிருந்தால், "மோசமான அதிகாரிகளை நீக்குவேன்" என்ற வரிக்கு அங்கேயே ஓட்டை. மாநிலச் சட்டத்தின் காலக்கெடுவையும் பாருங்கள்: கலிபோர்னியாவில் தவறு தெரியவந்த ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். விசாரணை அலுவலர்கள் பற்றாக்குறை என்றால் வழக்கு தானாகச் செத்துவிடும்.

"குடிமக்கள் கண்காணிப்பு வாரியம் அமைப்பேன்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம், தனி நிதி, முழுநேர விசாரணையாளர்கள், முடிவைக் கட்டாயமாக்கும் பிரிவு ஆகிய நான்கும் இல்லாவிட்டால் அது கூட்டம் போட்டுக் கலையும் குழு. நாஷ்வில் மக்கள் 2018-ல் வாக்களித்து உருவாக்கிய வாரியத்தை டென்னசி மாநிலம் 2023-ல் சட்டம் போட்டு ஒழித்தது. ஓரிகனின் போர்ட்லாந்தில் 2020-ல் ஐந்தில் நான்கு பேர் ஆதரித்தும், நான்கு ஆண்டு கழித்தும் புதிய வாரியம் வேலையைத் தொடங்கவில்லை. நியூயார்க்கில் புகார் வாரியம் பரிந்துரைக்கும், இறுதிச் சொல் போலீஸ் கமிஷனருடையது. ஆனால் கமிஷனரை நியமிப்பவர் மேயர். அங்கே புதிய வாரியம் கேட்பதைவிட, "பரிந்துரையை மாற்றினால் காரணத்தைப் பொதுவில் வெளியிடும் கமிஷனரையே நியமிப்பேன்" என்பது கூர்மையான வாக்குறுதி.

கோஷம் தனி ஆபத்து. மினியாபோலிஸில் 2020 ஜூனில் கவுன்சிலின் பெரும்பான்மை மேடையேறி போலீஸ் துறையைக் கலைப்போம் என்றது. மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச போலீஸ் எண்ணிக்கையை நகர சாசனமே விதித்திருந்தது. அதை மாற்றும் பிரேரணை 2021 நவம்பர் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. சான் ஆன்டோனியோவில் 2023-ல் கஞ்சா, கருக்கலைப்பு, போலீஸ் கழுத்தைப் பிடிக்கும் முறைக்குத் தடை எல்லாவற்றையும் ஒரே பிரேரணையில் கட்டினார்கள்; மொத்தமும் தோற்றது. ஒவ்வொரு துண்டுக்கும் எதிர்ப்பாளர் வேறு. மூட்டையாகக் கட்டினால் எல்லோரும் ஒன்று சேர்வார்கள்.

பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், போலீஸ் மீதான வழக்குகளை முடிக்க நகரம் கொடுக்கும் சமரசத் தொகையிலிருந்து தொடங்குங்கள். பல நகரங்களில் அது போலீஸ் பட்ஜெட்டில் இருக்காது. சட்டத் துறையின் கணக்கிலோ பொது நிதியிலோ இருக்கும். ஐந்து ஆண்டுத் தொகையையும் ஓவர்டைம் செலவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரியைப் பற்றிக் கவலைப்படும் வாக்காளருக்கு அது புரியும்.

கடைசியாக, வேட்புமனுவிலேயே கோட்டை விடுபவர்கள் இருக்கிறார்கள். 2013-ல் டெட்ராய்ட்டில் மைக் டக்கன் கடைசித் தேதிக்குப் பல வாரம் முன்பே மனுவைக் கொடுத்தார். மனு கொடுக்கும் நாளில் ஓராண்டு குடியிருப்பு முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. சுமார் இரண்டு வாரம் குறைந்தது. நீதிமன்றம் பெயரை நீக்கியது. முதல்கட்டத் தேர்தலில் வாக்காளர்களை வாக்குச்சீட்டில் தன் பெயரை எழுதவைத்து முன்னேறி, பிறகு ஜெயித்தார், ஆனால் அது எல்லோருக்கும் வாய்க்காது. சிகாகோவில் மேயர் மனுவுக்கு 12,500 செல்லத்தக்க கையெழுத்து வேண்டும். எதிராளிகள் ஒவ்வொன்றாக ஆட்சேபிப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று மடங்கு சேகரிப்பதே பாதுகாப்பு. சீர்திருத்த அமைப்புகளில் வேலை செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 501(சி)(3) வரிவிலக்கு பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. அதன் மின்னஞ்சல் பட்டியல், அலுவலக அறை, அச்சு இயந்திரம் எதையும் இலவசமாகத் தொடாதீர்கள். கஞ்சா விற்பனை சட்டபூர்வமான மாநிலம் என்றால், கடை உரிமத்துக்கு நகரத்தில் விண்ணப்பித்திருப்பவர்களின் நன்கொடையையும் திருப்பி அனுப்பிவிட்டு, அனுப்பிய கடிதத்தின் நகலைப் பொருளாளரிடம் கொடுத்து வையுங்கள்.