முதல் வருடம் எங்கே தங்குவது? பம்பைமடுவுக்கும் அறிவியல் நகருக்கும் வரும் பிள்ளைகளுக்கு

பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகமோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களோ, கம்பஸ் கிடைத்த கடிதம் வந்ததும் வீட்டில் முதலில் வாடகைக் கணக்குத்தான் ஓடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பிள்ளை யாரோடு இருக்கும்? முதல் வருடத்திலேயே படிப்பை விட்டுப் போகிற பிள்ளைகள் பலர் மூளை குறைந்தவர்கள் அல்ல. ஆங்கிலத்தில் நடக்கும் லெக்சர் விளங்காத அன்று இரவு, போய்க் கேட்க அவர்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் 1970களிலேயே கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் அஸ்டின் இதை ஆராய்ந்தார். முதல் வருடம் வளாக விடுதியில் தங்கியவர்களே படிப்பைக் கூடுதலாக முடித்தார்கள் என்று கண்டார். படிப்போடும் சக மாணவரோடும் ஒட்டாதவர்தான் விலகிப் போகிறார் என்று 1975இல் இன்னொரு ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ விளக்கினார். அந்த ஆய்வு முடிவுகளை அப்படியே வன்னிக்குக் கொண்டுவர முடியாது. அங்கே விடுதிக்குக் காசு வேண்டும், ஆகவே வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பலமும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும். இங்கே அரச பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் வெளிப் போர்டிங் வாடகைக்குப் பக்கத்தில் சிறு தொகை. ஆனால் விடுதி உதவுவதற்குக் காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: சேர்ந்து படிக்கப் பக்கத்தில் ஆட்கள் இருப்பது. அந்தச் சேர்ந்த படிப்புக்கு நம் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் குப்பி. சோதனைக்கு முன் இரவு ஒன்பது மணிக்கு விடுதி மண்டபத்தில் ஒருவர் கணக்கைப் போட்டுக் காட்ட, இருபது பேர் சுற்றியிருந்து எழுதுவார்கள். ஐந்தரை பஸ்ஸில் வீட்டுக்குப் போன பிள்ளைக்கு மறுநாள் அதன் போட்டோ மட்டும் போனில் வரும். படத்தில் விடை இருக்கும். ஏன் அப்படி என்று கேட்ட கேள்வியும் அதற்குச் சொன்ன பதிலும் இருக்காது.

வீட்டிலிருந்து தினமும் போய்வர நினைப்பவர்கள் முதலில் வரவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 80 வீத வரவு இல்லாவிட்டால் சோதனை எழுத விடமாட்டார்கள். 15 கிழமை செமஸ்டரில் கிழமைக்கு ஒரு லெக்சர் உள்ள பாடம் என்றால் 12 நாள் இருந்தே ஆகவேண்டும், விடக்கூடியது 3 நாள்தான். புதுக்குடியிருப்பிலிருந்து அறிவியல் நகருக்கு வரும் பிள்ளை பரந்தனில் பஸ் மாறவேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் திங்கட்கிழமை எட்டு மணி லெக்சர் மூன்று தடவை தவறினால் கணக்கு முடிந்தது, காய்ச்சலுக்குக்கூட ஒரு நாள் மிச்சமில்லை. அந்தப் பாடத்தைப் பிறகு ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது. ஒரே பஸ்ஸில், வாசலிலிருந்து வாசலுக்கு முக்கால் மணித்தியாலத்துக்குள் என்றால் மட்டும் வீட்டிலிருந்து போய்வரலாம். சீசன் டிக்கெட் எடுத்தால் அது இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸுக்குத்தான், தனியார் பஸ்ஸில் செல்லாது. ஆகவே அந்த வழியில் காலையில் இ.போ.ச. பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் விசாரியுங்கள்.

விடுதி கிடைத்தால் விடவேண்டாம். விண்ணப்பத்தோடு கேட்கும் தூரம், வருமானம் பற்றிய கடிதங்களைக் கிராம அலுவலரிடம் எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பமும் வைத்துத் தயாராக வைத்திருங்கள். முதல் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் முடிந்துவிடவில்லை. கிடைத்த இடத்துக்கு வராதவர்களும் இடையில் வெளியேறுகிறவர்களும் இருப்பார்கள். முதல் இரண்டு மாதம் கிழமைக்கு ஒருமுறை நலன்புரிப் பிரிவில் நேரே போய்க் கேளுங்கள்.

போர்டிங்தான் என்றால் தனி அறை எடுக்காதீர்கள். அதே பட்ச், முடிந்தால் அதே பாடப்பிரிவுப் பிள்ளைகள் இரண்டு பேராவது உள்ள வீடாகப் பாருங்கள். பம்பைமடு, மன்னார் வீதியில் வவுனியா நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர். நகரில் கடையும் வெளிச்சமும் உண்டு, ஆனால் மாலைக் குப்பிக்கு நின்றால் திரும்ப பஸ் இருக்குமா? வளாகத்துக்குச் சைக்கிளில் போகும் தூரத்தில் உள்ள சாதாரண வீடு, நகரத்து நல்ல அறையை விட முதல் வருடத்துக்கு உதவும்.

வீட்டை இரண்டு முறை பாருங்கள், ஒருமுறை பகலில், ஒருமுறை இரவு ஏழு மணிக்கு. இரவில்தான் ஒழுங்கையில் லைட் இருக்கிறதா, போனில் சிக்னல் நிற்கிறதா என்று தெரியும். காட்டோரம் என்றால் யானை வரும் பாதையா என்று அயலில் கேளுங்கள். ஆறு பேருக்கு ஒரு மலசலகூடம் என்றால் எட்டு மணி லெக்சருக்கு யாரோ ஒருவர் பிந்துவார். குசினியில் கேத்தலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் கிணற்றுத் தண்ணீர் கடினம், குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீர் வாங்கும் செலவையும் வாடகையோடு சேருங்கள். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றுமா என்றும் கேளுங்கள். கேற் பூட்டும் நேரம், லீவு மாதத்துக்கும் வாடகை உண்டா, முற்பணம் திரும்பக் கிடைக்குமா, இவை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். குடிபுகும் அன்றே கரண்ட் மீற்றரைப் படம் எடுங்கள்.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. ஆனால் சேர்ந்த மாதமே அது கைக்கு வராது. நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

விடுதியிலும் ஆபத்து இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. பகிடிவதை தாங்காமல் முதல் மாதமே பெட்டியைக் கட்டுகிற பிள்ளைகள் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதி வைத்து, விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவர் ஆலோசகரிடமும் அன்றே சொல்லுங்கள். வேறு அறை கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை "சும்மா ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் அதைக் கடந்து போகாதீர்கள்.

முதல் ஆறு கிழமை வெள்ளி பின்னேரம் தோறும் வீட்டுக்கு ஓடாமல், இரண்டு கிழமைக்கு ஒருமுறை போங்கள். நட்பு பிடிப்பதும் சேர்ந்து சமைப்பதும் அந்தச் சனி, ஞாயிறில்தான். அம்மா பார்க்க வரட்டும், கறியும் வரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பதிவைத் தள்ளிவைக்கும்படி பீடாதிபதிக்குக் கடிதம் எழுதுங்கள், நோய் என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுங்கள். பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் போட்டு வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் திரும்பி வரும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.