வன்னியிலிருந்து கனடா செல்வோருக்கு: கார் லீசிங் விளம்பரத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ லீசிங்கில் ஓட்டோவோ உழவு இயந்திரமோ எடுத்தவர்கள், கடைசித் தவணையோடு வாகனம் முழுமையாகத் தமதாகிவிடும் என்ற நம்பிக்கையிலேயே மாதாமாதம் காசு கட்டியிருப்பார்கள். கனடாவின் கார் லீசிங்கோ இரணைமடுக் குளத்தின் கீழ் வயலைக் குத்தகைக்கு எடுப்பதைப் போன்றது. காலம் முடிந்ததும் காரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். வைத்திருக்க விரும்பினால், ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்ட மீதிப் பெறுமதியைச் செலுத்தி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே தவணைப் பணம் என்பது இரண்டு செலவுகளின் கூட்டுத்தொகை: ஒன்று, அக்காலத்தில் காரின் பெறுமதி குறையும் அளவு, மற்றையது, வட்டி. உதாரணமாக, 36,000 டொலர் காருக்கு 48 மாதங்களின் பின் மீதிப் பெறுமதி 18,000 டொலர் என்றால், குறையும் 18,000 டொலரை மாதங்களால் வகுக்க 375 டொலர் வரும். வட்டியை இரண்டு பெறுமதிகளின் சராசரியான 27,000 டொலருக்குப் பார்த்தால், ஆண்டுக்கு 6 வீதப்படி மாதம் 135 டொலர். மொத்தம் 510 டொலர். ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கு மேல் 13 வீத விற்பனை வரியும் உண்டு.

இப்போது அதே காருக்கு “வாரம் 99 டொலர் மட்டுமே” என்று ஒரு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டில் 52 வாரங்கள் இருப்பதால் மாதத்துக்கு அது 396 டொலர் அன்று, 429 டொலர். கீழே பொடி எழுத்தில் 5,000 டொலர் முற்பணம் என்றும் இருந்தால், அதையும் 48 மாதங்களுக்குப் பங்கிட வேண்டும். தொகை, நாம் மேலே கணக்கிட்ட 510 டொலரைத் தாண்டி 533 டொலருக்கு ஏறிவிடுகிறது. முற்பணம் கொடுத்தால் வட்டியும் குறைந்திருக்க வேண்டும் என்பதால், உண்மையான இடைவெளி இதைவிடப் பெரிது. அந்த மேலதிகப் பணம் எதற்கு என்று விற்பனையாளரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முற்பணத்தை இயன்றவரை தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து; கார் விபத்தில் முற்றாகச் சேதமடைந்தால், அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

கிலோமீற்றர் வரம்பைத்தான் நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். மலிவான விளம்பரங்களில் ஆண்டுக்கு 16,000 கிலோமீற்றர் என்றிருப்பது வழக்கம். ஸ்காபரோவில் குடியிருந்து பிரம்டனில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்பவர், ஒரு வழிக்கு 50 கிலோமீற்றர் என்றால், 250 வேலைநாட்களில் 25,000 கிலோமீற்றர் ஓடிவிடுவார். கோயிலும் கடையும் அதற்குப் புறம்பு. வரம்பைத் தாண்டிய 9,000 கிலோமீற்றரில் ஒவ்வொன்றுக்கும் 16 சதம் என்றால் ஆண்டுக்கு 1,440 டொலர். நான்கு ஆண்டுகளில் 5,760 டொலர். கூடுதல் வரம்பைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதைவிட மலிவாக முடியும்.

விளம்பரத்திலுள்ள வட்டி வீதம் நல்ல கடன் வரலாறு உள்ளவர்களுக்கானது. புதிதாக வந்தவருக்கு அந்த வரலாறே இராது என்பதால், தமக்குரிய வீதத்தைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். உறவினர் ஒருவரை இணைக் கையொப்பமிடச் சொன்னால், ஊரில் பிணை நின்றவர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கும் நீங்கள் கட்டத் தவறினால் கடன் அவர் தலையில்தான் விழும். காப்புறுதிக் கட்டணத்தையும் அதே கார் மாதிரிக்கு முன்கூட்டியே விசாரியுங்கள். புதிய சாரதிகளுக்கு அது சில வேளைகளில் தவணைப் பணத்தையே எட்டிவிடுகிறது.

ஒன்ராறியோவில் பதிவுபெற்ற விற்பனையாளர்கள் விளம்பரப்படுத்தும் விலையில், விற்பனை வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் தவிர்ந்த எல்லாக் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும். எனவே கடைசி நேரத்தில் புதிதாக ஒரு கட்டணம் முளைத்தால் மறுத்துப் பேசலாம். காரின் விலை, மீதிப் பெறுமதி, வட்டி வீதம், கிலோமீற்றர் வரம்பு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குப் பாருங்கள். விற்பனை நிலையத்தில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை மனம் மாறியது என்பதற்காக இரத்துச் செய்யும் அவகாசத்தை அம்மாகாணச் சட்டம் வழங்குவதில்லை.