டிமென்ஷியா இருக்கிற பெரியவர் குடிக்கவும் செஞ்சா, வீட்ல பண்ணக்கூடாத தப்புகள்

மறதி நோய் வந்த அப்பாவோ மாமாவோ குடிக்கவும் செய்றார்னா பெரும்பாலும் வீட்ல ரெண்டுல ஒண்ணு நடக்குது, "இந்த வயசுல ஒரு குவார்ட்டர் தானே, போகட்டும்"னு விட்டுடறாங்க, இல்லைனா ஒரே நாள்ல பாட்டிலையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஆளை வீட்டுக்குள்ள வச்சு பூட்டிடறாங்க. ரெண்டுமே தப்பு, ரெண்டாவது உயிருக்கே ஆபத்து.

குவார்ட்டர்ங்கிறது 180 மில்லி. 42.8 சதவீத சரக்குனா அதுல ஆல்கஹால் மட்டுமே 60 கிராமுக்கு மேல. பிரிட்டன்ல நல்லா இருக்கிறவங்களுக்கே வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம் தாண்டாதீங்கன்னு சொல்றாங்க, ரெண்டு குவார்ட்டர்லயே அது தாண்டிடுது. வயசாக ஆக உடம்புல தண்ணி குறையறதால அதே அளவுக்கு போதை ஜாஸ்தி ஏறும், இவங்களுக்கு குடிச்சதே மறந்துபோய் திரும்பவும் கேப்பாங்க. தூங்கட்டும்னு நாமளே ஊத்திக் கொடுத்தா நடுராத்திரி முழிச்சு, குழம்பி, பாத்ரூம் போற வழியில விழுவாங்க. பதட்டத்துக்கும் குழப்பத்துக்கும் டாக்டர் எழுதற லோராசெபாம், குவெட்டியாபின் மாதிரி மாத்திரை போடறவங்கன்னா மயக்கம் இன்னும் மோசமாகும்.

தினமும் நிறைய குடிச்சவங்களுக்கு திடீர்னு நிறுத்தினா சில மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை, ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். அதைப் பாத்து மறதி முத்திடுச்சுன்னு நினைச்சு வீட்லயே வச்சுக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. நிறுத்தறதே டாக்டர் சொல்ற மாதிரி தான் நிறுத்தணும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு, "அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க"ன்னு விக்கிற மருந்து. குடியை நிறுத்த டாக்டருங்க எழுதற டைசல்ஃபிராம் மாத்திரையை சிலர் இப்படி ரகசியமா கலக்கறாங்க. அது உடம்புல இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி, நெஞ்சு படபடன்னு அடிச்சு உயிரே போகலாம். மாத்திரை போட்டிருக்கோம், குடிக்கக்கூடாதுன்னு ஞாபகம் வச்சுக்க முடியாத மனுஷனுக்கு இதை எப்படிங்க குடுக்க முடியும்?

அடுத்தது, வெட்கப்பட்டு டாக்டர்கிட்ட குடிப்பழக்கத்தை மறைக்கிறது. சரியா சாப்பிடாம குடிக்கிறவங்களுக்கு பி1 விட்டமின், அதாவது தயாமின், குறைஞ்சு மூளையை பாதிக்கிற வெர்னிக்கி நோய் வரலாம். திடீர் குழப்பம், தள்ளாட்டம், கண்ணு ஒரு மாதிரி ஆடறது, இதுல ஒண்ணு மட்டும் கூட இருக்கலாம், நாம போதைல உளர்றார்னு விட்டுடுவோம். உடனே பி1 ஊசி போடணும், குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடியோ கூடவேவோ போடணும், அதனால தான் குடிக்கிறவர்னு ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லிடுங்கன்றேன். விட்டுட்டா கோர்சகாஃப் நோயா மாறி புது விஷயம் எதுவும் மனசுல தங்காது, நடக்காததை நடந்த மாதிரி சொல்லுவாங்க. அது பொய் இல்ல, காலியான இடத்தை மூளையே நிரப்பிக்குது, சண்டை போடாதீங்க. குடியால வந்த பாதிப்பு, அல்சைமர் மறதி நோய் மாதிரி முத்திக்கிட்டே போகணும்னு இல்ல, குடியை விட்டு, பி1 எடுத்து, ஒழுங்கா சாப்பிட்டா அதோட நிக்கவும் செய்யும், சிலருக்கு கொஞ்சம் தேறவும் செய்யும்.

வீட்ல சரக்கு மட்டும் இல்ல, சானிடைசர், அரிஷ்டம் பாட்டிலையும் எட்டாத இடத்துல வைங்க, அரிஷ்டத்துலயும் ஆல்கஹால் இருக்கு. கூட உக்காந்து குடிக்கிற ஃப்ரெண்டுங்ககிட்டயும் நோயைப் பத்தி சொல்லிடுங்க, தெரியாம வாங்கிக் குடுக்கறது அவங்க தான். யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியலைன்னா 14416, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.