விமானப்படை உளவுப் பிரிவுக்குப் போக நினைக்கும் மதுரைப் பிள்ளைகளுக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று வீட்டில் பேச்சு நடக்குமே, விமானப்படையின் உளவுப் பிரிவுக்குப் போகும் பாதை அங்கேயே பிரிந்துவிடுகிறது. இதைச் சொல்ல ஆள் இல்லாமல், நல்ல பிள்ளைகள் கல்லூரிக் கடைசி வருடத்தில் வந்து என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஆகவே அதை முதலில் எழுதிவிடுகிறேன்: கணக்கும் இயற்பியலும் உள்ள குரூப்பை எடுங்கள். கணக்கு-உயிரியலோ, கணக்கு-கம்ப்யூட்டரோ, எதுவானாலும் சரி. அந்த இரண்டு பாடத்திலும் பிளஸ் டூவில் தனித்தனியாக 50 சதவீதம் வாங்க வேண்டும். அப்புறம் எந்தப் பட்டம் படித்தாலும் 60 சதவீதம். வணிகவியல் படித்தவர்களுக்கும் விமானப்படையில் கணக்குப் பிரிவு, நிர்வாகம், தளவாடம் என்று நல்ல வேலைகள் உண்டு. ஆனால் நான் சொல்லும் இந்தக் கதவு அவர்களுக்குத் திறக்காது.

நான் அதிகாரியாக இருந்தவன் இல்லை. வானிலைப் பிரிவில் ஏர்மேனாகச் சேர்ந்து, வாரன்ட் ஆபீசராக ஓய்வு பெற்று, இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெருங்குடியில் இருக்கிறேன். உளவு அதிகாரிகள் பேசிய ரகசியம் எதுவும் எனக்கு வந்ததில்லை, வரவும் கூடாது. ஆனால் அவர்கள் எங்களிடம் கேள்வி கேட்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். 'மேகம் இருக்குமா?' என்று கேட்க மாட்டார்கள். எட்டில் எத்தனை பங்கு வானத்தை மூடும், அடிப்பாகம் எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு விலகும் என்பார்கள். கடைசியாக, 'இதில் உங்களுக்கு எவ்வளவு நிச்சயம்?' என்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் அந்த வேலையே என்று நான் நம்புகிறேன். கண்டது எது, ஊகித்தது எது, இன்னும் தெரியாதது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரை நம்பித்தான் ஒரு விமானி கிளம்புகிறார்.

1999 மே 21 அன்று கார்கில் மலைகளைப் படமெடுக்கப் போன 106-வது படைப்பிரிவின் கான்பெரா விமானத்தின் மீது ஏவுகணை பட்டது. ஒரே எஞ்சினில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு படத்துக்கு என்ன விலை என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். போர் முடிந்தபின், எங்கே கோட்டை விட்டோம் என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அந்தக் காலத்துச் சீர்திருத்தங்களின் தொடர்ச்சியாக, முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை 2002-ல் வந்தது.

முன்பெல்லாம் உளவு அதிகாரி என்று நேரடியாக யாரும் சேர முடியாது. வேறு பிரிவில் சேர்ந்து, பிறகு அந்தப் பணிக்குப் போவார்கள். 2022 அக்டோபர் 8-ல் சண்டிகரில் நடந்த விமானப்படை நாள் விழாவில் 'வெப்பன் சிஸ்டம்ஸ்' என்ற புதுக் கிளையை அறிவித்தார்கள். அதில் நான்கு உட்பிரிவுகள்: சுகோய் போன்ற விமானங்களில் பறந்து ஆயுத அமைப்புகளைக் கையாள்பவர்கள், ஆளில்லா விமானத்தை இயக்குபவர்கள், ஏவுகணைப் பிரிவின் மிஷன் கமாண்டர்கள், நான்காவதாக உளவு. செயற்கைக்கோள் படத்தைப் படிப்பவர்கள், சிக்னல்களை ஒட்டுக்கேட்டு ஆராய்பவர்கள், தகவல் போர் வல்லுநர்கள் எல்லாம் இந்த நான்காவதில் வருவார்கள். ஹைதராபாத் பேகம்பேட்டில் இந்தக் கிளைக்கென்றே 2024 ஜூலையில் ஒரு பள்ளியும் தொடங்கிவிட்டார்கள். எந்த உட்பிரிவு என்பதைத் தேவையைப் பார்த்து விமானப்படைதான் முடிவு செய்யும். உளவு கிடைத்தால்தான் சேருவேன் என்பவர்கள் இதை யோசித்துவிட்டு வாருங்கள்.

நுழைவதற்குப் பட்டதாரிகளுக்கு அஃப்கேட் (AFCAT) என்ற விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனையும் டிசம்பரையும் ஒட்டி விண்ணப்பம் திறக்கும். வெப்பன் சிஸ்டம்ஸ் கிளையும் அதில் தரைப்பணிக் கணக்கில்தான் வருகிறது. அதற்கு வயது 20 முதல் 26 வரை. 25 வயதுக்குள் இருந்தால் திருமணம் ஆகியிருக்கக் கூடாது. ஆண், பெண் இருவருக்கும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் 100 கேள்வி, 300 மதிப்பெண், தப்புக்கு ஒரு மதிப்பெண் போகும். பிளஸ் டூ முடித்தவுடனே போக நினைப்பவர்களுக்கு என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கிறது, 2022 முதல் பெண் பிள்ளைகளும் அதில் பயிற்சி பெறுகிறார்கள். எழுத்துத் தேர்வைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்த்தால் போதும்.

உண்மையான பயிற்சி வேறு. அதற்கு மதுரை மாதிரி ஊர் கிடைக்காது.

முதலில் படம் படிப்பது. இஸ்ரோவின் புவன் தளத்தையோ கூகுள் எர்த்தையோ திறந்து மீனாட்சியம்மன் கோயிலைத் தேடுங்கள். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சுற்றிச் சுற்றி விரிவதுதான் படம் படிப்பவர் முதலில் தேடும் 'அமைப்பு'. பிறகு தெற்குக் கோபுரத்தின் நிழலைப் பாருங்கள். படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் காலை பத்தரை மணி வாக்கில் கடந்துபோகும். சூரியன் கிழக்கே இருப்பதால் நிழல் மேற்கே விழும். அது வடமேற்காகச் சாய்ந்தால் மார்கழி, தை ஒட்டிய படம். தென்மேற்காகச் சாய்ந்தால் மே முதல் ஜூலை வரை எடுத்தது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நமக்கு வடக்கே நிற்கிறது. மாதத்தை நீங்களே சொல்லிவிட்டு, அப்புறம் படத்தின் தேதியைப் பார்த்துச் சரிபாருங்கள்.

தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர். அதே படத்தில் இன்னொரு கட்டடத்தின் நிழல் அதில் பாதி நீளம் என்றால் உயரமும் ஏறக்குறைய பாதி, 26 மீட்டர். ஒன்றில் மட்டும் கவனம்: செயற்கைக்கோள் பக்கவாட்டில் இருந்து எடுத்தால் கோபுரமே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். அந்தச் சாய்வை நிழல் என்று அளந்துவிடாதீர்கள்.

அடுத்து கண்மாய்கள். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம், சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாக வரும். நாகமலைப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி, கண்மாய் ஒன்று பச்சையாக இருப்பதைக் காட்டி, 'தண்ணி வந்திருச்சு சார்' என்றாள்.

'பச்சையாத் தெரியுது, அது நீ கண்டது. தண்ணி வந்திருச்சுங்கிறது?'

'ஊகம், சார்.'

பச்சை என்பது ஆகாயத்தாமரையாக இருக்கலாம், சீமைக்கருவேலமாக இருக்கலாம், வற்றிய தரையில் முளைத்த புல்லாகவும் இருக்கலாம். போன மாதப் படத்தை எடுத்தாள். அகச்சிவப்பைச் சேர்த்த வண்ணத்தில் பார்த்தாள். அதில் செடி சிவப்பாகவும் தண்ணீர் கருப்பாகவும் தெரியும். சனிக்கிழமை சைக்கிளில் போய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் கருவேலம். அவள் எழுதிய அரைப் பக்கத்தில் ஊகம் எது, நேரில் கண்டது எது என்று பிரிந்து இருந்தது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

சித்திரைத் திருவிழாவில் ஒரு பயிற்சி உண்டு, நான் மிகவும் விரும்புவது இதைத்தான். அழகர்கோயிலில் இருந்து கள்ளழகர் புறப்பட்டு, ஊருக்குள் வருகிறவரை வழிநெடுக மண்டகப்படிகள். எதிர்சேவை நாளன்று மூன்றுமாவடியில் நோட்டோடு நில்லுங்கள். ஒவ்வொரு மண்டகப்படியிலும் எத்தனை நிமிடம் நிற்கிறார், நடை எவ்வளவு, கூட்டம் எங்கே இறுகுகிறது என்று குறியுங்கள். தல்லாகுளத்துக்கு எப்போது வந்து சேருவார் என்று எழுதுங்கள். 'ஏழு மணிக்கு' என்று எழுதினால் மதிப்பில்லை. 'ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில், பெரும்பாலும் ஏழரைக்குப் பிறகு, காரணம் இது' என்று எழுத வேண்டும். புதுத் தகவல் வந்தால் கணிப்பை மாற்றி, மாற்றிய நேரத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். பழையதை அழிக்கக் கூடாது.

எழுதியதை மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். முடிவு முதல் வாக்கியத்திலேயே வரட்டும். சான்று பின்னால், எவ்வளவு நிச்சயம் என்பது கடைசியில். தமிழில் தெளிவாகச் சொல்ல வந்த பிறகு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அந்தக் காது பெரிய சொத்து. படைக்கு அயல்மொழி தெரிந்தவர்கள் எப்போதும் வேண்டும். பாதுகாப்பு அமைச்சகமே டெல்லியில் அயல்மொழிப் பள்ளி நடத்துகிறது.

ஒரு கண்டிப்பு. விமானப்படைத் தளம், ராணுவ முகாம், ராடார் எதையும் பயிற்சி என்று போனில் படமெடுக்காதீர்கள், வரைபடத்தில் குறித்துப் பகிராதீர்கள். அலுவல் ரகசியச் சட்டம் 1923-ல் இருந்து இருக்கிறது, விளையாட்டுக்குச் செய்தேன் என்றால் விடாது. தேர்வான பிறகு முகம் தெரியாத ஒருவர் நட்பாகப் பேசி, எங்கே பயிற்சி, எத்தனை பேர் என்று கேட்டால், அன்றே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்புங்கள்.

எழுத்தில் தேறினால் நேர்முகத் தேர்வு வாரியம். மைசூரு, டேராடூன், காந்திநகர், வாரணாசி ஆகிய ஊர்களில் உண்டு. மைசூரு கிடைத்தால் தூத்துக்குடி-மைசூரு எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் போகிறது. முதல் நாள் அறிவுத்திறன் தேர்வும், படம் பார்த்துக் கதை எழுதிக் குழுவாகப் பேசுவதும். நிறையப் பேர் அன்றே திரும்பிவிடுவார்கள். அடுத்த நாட்களில் பன்னிரண்டு படத்துக்குக் கதை, 15 நொடிக்கு ஒரு சொல்லாக 60 சொல்லைப் பார்த்துத் தோன்றுவதை எழுதுவது, அரை மணியில் 60 சூழ்நிலைக்கு என்ன செய்வீர்கள் என்று எழுதுவது, திடலில் குழுப்பணி, தனி நேர்காணல். மனப்பாடம் செய்த கதை எடுபடாது. படத்தில் உள்ளதைப் பாருங்கள், இல்லாததைத் திணிக்காதீர்கள்.

தேர்வானால் பயிற்சிக்கு ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமி. கடைசி வருடப் பயிற்சியிலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. கையில் பச்சை குத்தும் ஆசை இருந்தால், முழங்கையின் உள்பக்கத்தில் இருந்து மணிக்கட்டு வரையும் புறங்கையிலும் தவிர வேறெங்கும் வேண்டாம், மருத்துவத்தில் நிறுத்திவிடுவார்கள். முதல் முறை வாரியத்துக்குப் போகும்போது ஏசி மூன்றாம் வகுப்பு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். திரும்பி வந்தவர்கள் வயது இருக்கும்வரை அடுத்த அறிவிப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.