பெர்லினில் இரண்டு நாள்: முன்பதிவு, டிக்கெட், நடக்கும் வழி

பெர்லினுக்கு ஒரே மையம் கிடையாது. 1961 முதல் 1989 வரை சுவரால் பிளந்து கிடந்த ஊர் என்பதால், மேற்கே மிருகக்காட்சிசாலைப் பக்கம் ஒன்று, கிழக்கே அலெக்சாண்டர்பிளாட்ஸ் பக்கம் இன்னொன்று என இரண்டு மையங்கள் வளர்ந்துவிட்டன. நகரத்தின் பரப்பு 891 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு இடங்களுக்கு நடுவே அரைமணி நேர ரயில் பயணம் இருக்கும். நீளமான பட்டியலோடு வருபவர்கள் பாதி நாளை ரயிலிலேயே கழித்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம், அதற்குள் முடிந்தவரை நடை என்று வைத்துக்கொண்டால் இந்த ஊர் பிடிபடும். வெள்ளி மாலை இறங்கி ஞாயிறு இரவு கிளம்புபவர்களுக்காக இந்தத் திட்டம்.

வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியவை

முதல் வேலை, ரைக்ஸ்டாக் எனப்படும் நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் பதிவு செய்வது. கட்டணம் இல்லை. ஆனால் பதிவு இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். ஜெர்மன் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில், வரும் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுக்க வேண்டும். வாசலில் அதைக் கடவுச்சீட்டோடு ஒப்பிடுவார்கள். நம்மவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்: வழக்கமாக எழுதும் முன்னெழுத்தோடு பெயரைக் கொடுத்திருப்பார்கள், கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். கடவுச்சீட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். அசல் கடவுச்சீட்டையும் மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.

நேரம் தேர்ந்தெடுக்கும்போது, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ள இடத்தைப் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்குகள் எரியத் தொடங்கியபின் ஒருமுறை என ஒரே ஏற்றத்தில் நகரத்தை இருமுறை பார்க்கலாம். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும்; டிசம்பரில் மாலை நான்குக்குள் இருட்டிவிடும். வெள்ளிக்கிழமைக்குப் பதிவு செய்யாதீர்கள். விமானம் தாமதமானால் அந்த வாய்ப்பு போய்விடும். இணையத்தில் இடமே இல்லை என்றால், கட்டடத்துக்கு அருகிலுள்ள பதிவு நிலையத்தில் மீதி இடங்களைக் கொடுப்பார்கள். அங்கே பதிவுக்கும் நுழைவுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

இரண்டாவது, அருங்காட்சியகத் தீவில் உள்ள நாய்யஸ் அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த டிக்கெட். எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை அங்கேதான் இருக்கிறது. அந்த அறையில் மட்டும் படம் எடுக்க அனுமதி இல்லை. பக்கத்திலுள்ள பெர்கமான் அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2023 அக்டோபரில் முழுதாக மூடப்பட்டது. ஒரு பகுதியை 2027-இல் திறப்பதாகத் திட்டம். பழைய பயணக் குறிப்புகளை நம்பி பெர்கமானுக்காக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வைத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். தீவின் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. எதிரே உள்ள ஹம்போல்ட் மன்றம் என்ற அருங்காட்சியக வளாகத்துக்குச் செவ்வாய் விடுமுறை.

டிக்கெட் கணக்கு

நகரப் போக்குவரத்து ஏ, பி, சி என மூன்று மண்டலங்கள். பார்க்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஏ-யில் இருக்கின்றன. விமான நிலையம் சி-யில் இருக்கிறது. இறங்கிய அவசரத்தில் ஏபி டிக்கெட் வாங்கி ரயிலேறுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். அபராதம் 60 யூரோ. வெளியூர்க்காரர் என்று சொல்லி மன்னிப்பு எதிர்பார்க்க முடியாது.

நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை. அதனால் இயந்திரத்தில் வாங்கிய காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு பெட்டிக்குள் செருகி நேரமுத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாததற்குச் சமம். கைபேசிச் செயலியில் வாங்கினால் இந்த வேலை இல்லை. ஆனால் வண்டி வந்தபின் வாங்கக்கூடாது, ஏறும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஒரே திசையில் மட்டும். போய்த் திரும்ப அதைப் பயன்படுத்த முடியாது. மூன்று ரயில் நிறுத்தங்களுக்குள் என்றால் 'குறுந்தூர' டிக்கெட் மலிவு.

நமது திட்டத்துக்கு: வெள்ளியன்று ஏபிசி ஒற்றை டிக்கெட். சனியன்று ஏபி 24 மணி நேர டிக்கெட். ஞாயிறன்று ஏபிசி 24 மணி நேர டிக்கெட், அதே டிக்கெட்டில் விமான நிலையமும் போய்விடலாம். நான்கைந்து பேர் சேர்ந்து வந்தால் 24 மணி நேரக் குழு டிக்கெட்தான் லாபம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

தங்குமிடத்தை அலெக்சாண்டர்பிளாட்ஸ், ஹாக்கெஷர் மார்க்ட், ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசெ, மத்திய ரயில் நிலையம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். நான்கும் எஸ்-பான் எனப்படும் நகர ரயிலின் ஒரே பாதையில் அடுத்தடுத்து வருபவை. வாடகை குறைவு என்று நகர ஓரத்தில் எடுத்தால் தினமும் ஒன்றரை மணி நேரம் போய்விடும். வெள்ளி, சனி இரவுகளில் யு-பான் எனப்படும் சுரங்க ரயில் விடியும்வரை ஓடும்.

சனிக்கிழமை: தீவிலிருந்து மேற்கு நோக்கி

காலை பத்து மணிக்கு நாய்யஸ் திறக்கும்போதே உள்ளே நுழையுங்கள். முதலில் நேராக நெஃபர்டிட்டி அறை, பிறகு மற்றவை. இரண்டு மணி நேரம் போதும். முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், பாதுகாப்புப் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள்.

வெளியே வந்து உன்டர் டென் லின்டன் சாலையில் மேற்கே நடக்க வேண்டும். பிராண்டன்பர்க் வாயில் ஒன்றரை கிலோமீட்டர்தான். வழியில் வலப்பக்கம் நாய்யெ வாஹெ என்ற சிறு கட்டடம்: இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் தாயின் சிலை, மேலே கூரையில் திறந்த வட்டம், மழையும் பனியும் அவள்மேல் விழும். சற்றுத் தள்ளி இடப்பக்கம் பேபெல்பிளாட்ஸ். 1933 மே 10 அன்று நாஜிகள் புத்தகங்களை எரித்த சதுக்கம் இது. தரையில் ஒரு கண்ணாடிச் சதுரத்தைத் தேடுங்கள். அதன் கீழே ஒரு புத்தகமும் இல்லாத வெற்று அலமாரிகள் தெரியும். பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் மேலேயே நடந்துபோகிறார்கள்.

வாயிலைத் தாண்டித் தெற்கே திரும்பினால் ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம், 2,711 கான்கிரீட் பாளங்கள். ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள், நடுவரை நடந்து உள்ளே செல்லுங்கள். தரை தாழத் தாழ பாளங்கள் தலைக்குமேல் உயரும், தெருச் சத்தம் அடங்கும். அவற்றின்மேல் ஏறி நிற்பதும் துள்ளுவதும் கூடாது. ரைக்ஸ்டாக் நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே போய்விடுங்கள், பாதுகாப்புச் சோதனை உண்டு. குவிமாடத்தின் உச்சி திறந்தது என்பதால் கோடையிலும் ஒரு மேலாடை வேண்டும்.

ஞாயிறு: சுவரை எங்கே பார்ப்பது

பிரிவினைக் காலத்து எல்லைச் சாவடியான செக்பாயின்ட் சார்லிக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே நிற்கும் காவல் கூண்டு அசல் அல்ல, நகல். சுற்றிலும் நினைவுப்பொருள் கடைகள். அந்த நேரத்தை, சுவர் நினைவிடம் உள்ள பெர்னாவர் ஸ்ட்ராசெ தெருவுக்குக் கொடுங்கள். எஸ்-பானில் நார்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். பிரிவினைக் காலத்தில் மேற்கின் ரயில்கள் நிற்காமல் கடந்துபோன ஆவி நிலையங்களில் அதுவும் ஒன்று; உள்ளேயே சிறு கண்காட்சி இருக்கிறது.

பெர்னாவர் ஸ்ட்ராசெயில் உள்ள ஆவண மையத்தின் கோபுரத்தில் முதலில் ஏறிவிடுங்கள். சுவர் என்பது ஒற்றைச் சுவர் அல்ல, இரண்டு தடுப்புகளும் நடுவே காவல்காரர்கள் கண்காணித்த வெற்று நிலமும் சேர்ந்தது என்பது மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும். இங்கே வீடுகள் கிழக்கிலும் அவற்றின் வாசல் நடைபாதை மேற்கிலும் இருந்தன. 1961 ஆகஸ்டில் ஜன்னல் வழியே குதித்துத் தப்பியவர்கள் பலர். எல்லாம் இலவசம். கோபுரமும் மையமும் திங்களன்று மூடியிருக்கும், வெளிப்பகுதிக்கு அந்தத் தடை இல்லை. நிதானமாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தெருவின் மறுகோடியில் மவர்பார்க் பூங்காவின் ஞாயிறு சந்தை.

அங்கிருந்து எம்10 டிராமில் ஏறினால் மாறாமல் வார்ஷாவர் ஸ்ட்ராசெ வரை போகலாம். ஆற்றோரம் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவரின்மேல் ஓவியங்கள் வரைந்த ஈஸ்ட் சைட் கேலரி அதன் அருகில். 1990-இல் வரையப்பட்டவை. முழுதும் நடந்து ஆஸ்ட்பான்ஹோஃப் நிலையத்தில் ரயிலேறிவிடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், சில்லறை

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள பலசரக்குக் கடைகள் மட்டும் திறந்திருக்கும், வரிசையும் நீளம். சனி மாலையே பழம், ரொட்டி, தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள். தண்ணீர் கேட்கும்போது 'ஷ்டில்' என்று சொல்லாவிட்டால் சோடா வரலாம். பானம் வாங்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குகிறார்கள். காலியானதைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'கெமூஸெ கெபாப்' என்றால் காய்கறி கெபாப் என்று பெயரளவில் அர்த்தம், ஆனால் பெரும்பாலும் கோழிக்கறியோடு வறுத்த காய்கறி சேர்த்தது. 'ஓனெ ஃப்ளைஷ்', அதாவது கறி இல்லாமல், என்று கேளுங்கள். ஃபலாஃபெல் எங்கும் கிடைக்கும். பன்றி என்றால் 'ஷ்வைன்', மாடு என்றால் 'ரிண்ட்'. கறிவுர்ஸ்ட் என்ற தொத்திறைச்சி வழக்கமாகப் பன்றி. அட்டை வாங்காத சிறு கடைகள் இன்னும் இருப்பதால் ஆளுக்கு 50 யூரோ ரொக்கம், கழிப்பறைக்கு 50 சென்ட் நாணயங்கள்.

நடைபாதையை ஒட்டிச் சிவப்பு நிறத்தில் ஓடும் கோடு சைக்கிள் பாதை. படம் எடுக்க அதில் நிற்காதீர்கள், வேகமாக வருவார்கள்.

அறையைக் காலி செய்தபின் பெட்டிகளை மத்திய ரயில் நிலையத்தின் சாமான் பெட்டகத்தில் வைக்கலாம். விடுமுறைக் காலத்தில் பதினோரு மணிக்குள் அவை நிறைந்துவிடக்கூடும் என்பதால் பெர்னாவர் ஸ்ட்ராசெக்குப் போகும் முன்பே வைத்துவிடுங்கள்; மாலையில் விமான நிலைய ரயிலும் அங்கிருந்தே கிளம்பும்.