“தைரியமா இருங்க” என்று சொல்லிவிட்டு வராதீர்கள்

சேலத்தில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் எங்கள் குழுவில் ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்கிறார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். வந்ததும், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்பது, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசுவது எல்லாம் தானாகத் திருந்திவிடும். அன்பும் நம்பிக்கையும் உடம்பை என்ன செய்யும், என்ன செய்யாது என்பது புரியாமல் நடக்கும் தவறுகள் அப்படித் திருந்துவதில்லை.

நம்பிக்கையை மருந்தாக்குவது

“மனசு தைரியமா இருந்தா நோய் தானா ஓடிரும்.” எனக்கு இன்றும் கோபம் வருவது இந்த வார்த்தைக்குத்தான்.

அம்மாபேட்டையில் ஓர் அம்மா. தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் வாரம் தவறாமல் போய்த் தலை வாரிவிட்டாள், சிரிக்க வைத்தாள். கிளம்பும்போதெல்லாம், “நீங்க நம்பிக்கையா இருக்கறதாலதான் இவ்வளவு சீக்கிரம் தேறிட்டீங்க” என்பாள்.

பிறகு அந்த அம்மாவுக்கு நடு முதுகில் வலி ஆரம்பித்தது. படுத்தால் கூடும், ராத்திரி தூங்கவிடாத வலி. யாரிடமும் சொல்லவில்லை. “அந்தப் புள்ள அவ்வளவு ஆசையா வருது. வலிக்குதுன்னு சொன்னா மனசு ஒடஞ்சுரும். நாந்தான் தைரியத்த விட்டுட்டனோன்னு நெனச்சுக்கிட்டேன் கண்ணு” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அதற்குள் இரண்டு காலும் மரத்துவிட்டன. எழுந்து நிற்க முடியவில்லை.

மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தினால் அது ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டிய அவசரம். காலில் பலம் இருக்கும்போதே ஸ்டீராய்டும் கதிர்வீச்சும், தேவைப்பட்டால் ஆபரேஷனும் கிடைத்தால் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிவிடலாம். கால் விழுந்த பிறகு அது திரும்புவது அரிது. அந்த அம்மாவுக்கு அவகாசம் இருந்தது. நோயாளி தைரியமாக இருந்தே ஆகவேண்டும் என்று நாம் வைத்த கட்டாயம் அதைத் தின்றுவிட்டது.

நம்பிக்கை புற்றுநோயை விரட்டும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. 2007இல் ஜேம்ஸ் காய்ன் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. 1989இல் டேவிட் ஸ்பீகல், மார்பகப் புற்று முற்றிய பெண்கள் ஒன்றுகூடி மனம்விட்டுப் பேசியதால் ஆயுள் கூடியது என்று எழுதினார். அதையே 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனை குறைந்தது, வலியும் குறைந்தது. நம்மால் கொடுக்க முடிந்தது அதுதான், அது சின்ன விஷயமும் இல்லை. வலி குறைந்தால் தூக்கம் வரும், தூங்கினால் நாலு வாய் சோறு இறங்கும்.

ஆகவே தேறிவிட்டதாகப் பாராட்டாமல், கேளுங்கள். எங்கே வலிக்கிறது? ராத்திரி தூங்கினீர்களா? காலில் பலம் இருக்கிறதா? ஒண்ணுக்கும் வெளிக்கும் சரியாகப் போகிறதா? பதிலில் ஏதாவது புதிதாக இருந்தால் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அழுதால் அழட்டும். நம்மிடம் அழ முடிகிறவர்தான் நம்மிடம் வலியையும் சொல்வார்.

மாத்திரையைக் குறைக்கச் சொல்வது

கூடவே கூடாது.

பார்த்துக்கொள்பவரை மறப்பது

1995இல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் ஒரு சோதனை செய்தார். மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்களின் கையிலும், அந்தச் சுமை இல்லாத பெண்களின் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும் நாளைக் கணக்கெடுத்தார். பராமரிப்பவர்களுக்கு ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. ஓயாத மன அழுத்தத்தில் கார்டிசோல் போன்ற சுரப்புகள் கூடி, காயத்தை ஆற்ற வரும் செல்களின் வேலையை மந்தப்படுத்துகின்றன.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. மருமகள் அவரையும் பார்த்துக்கொண்டு காபித் தோட்டத்துக்கும் போய்வந்தாள். காலில் முள் கீறிய புண் ஆறவே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் மாமியாரையே விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை எகிறியிருந்தது. அவளுக்குத் தேவைப்பட்டது ஆறுதல் வார்த்தை அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரை நாள். அந்த அரை நாள் மாமியார் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். பராமரிப்பவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்காமல் இனிப்பு வாங்கிப் போவது

வேண்டாம்.

நோயாளியைக் கொடுக்க விடாமல் தடுப்பது

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கனடாவின் வான்கூவரில் பத்தாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பாதிப் பேர், வாரம் ஒரு முறை, 10 வாரம் சின்னக் குழந்தைகளுக்கு உதவினார்கள். காத்திருந்த மறு பாதியைவிட அவர்களுக்குக் கொலஸ்ட்ராலும், அழற்சியைக் காட்டும் ஒரு புரதமும் ரத்தத்தில் குறைவாக இருந்தன. அவர்கள் ஆரோக்கியமான பிள்ளைகள், நம் நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் செவ்வாய்ப்பேட்டையில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். காலமெல்லாம் கொலுசு வேலை செய்தவர். பேரனுக்குப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுக்கும்போது, பிசியோதெரபிக்கு மறுத்த கையைத் தானாக நீட்டினார். “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்று தடுக்காதீர்கள். டீ போட்டுத் தந்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.

திடீரென்று நின்றுவிடுவது

2010இல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட உறவு நாலு வாரம் வந்து காணாமல் போகிறவரால் உண்டாகாது. பரீட்சை, வேலை, கல்யாணம் என்று நிற்க வேண்டி வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அடுத்து வரப்போகிறவரை நீங்களே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள்.