சனிக்கிழமை லேபிள் பிரச்சினையைத் தீர்த்த விதம்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஐடி சப்போர்ட் பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பேக்கிங் பிரிவிலிருந்து போன் வந்துவிடும்: "அண்ணே, கன்டெய்னர் வாசல்ல நிக்குது, லேபிள் வரல." பிரிண்டரில் கோளாறு கிடையாது. சர்வர் பராமரிப்பு நடக்கும் நேரம் அது. அக்கவுண்ட்ஸ் மேலாளர் எப்போதோ ஒப்புக்கொண்டது; அவருக்கு அதற்குள் வாரக் கணக்கு முடிந்துவிடும். சென்னைத் துறைமுகத்துக்கு லோடு கிளம்புவதும் அப்போதுதான்.

ஐடி சேவைகளை நடத்துவதற்கான வழிகாட்டியான ஐட்டில் (ITIL), 2019-இல் வந்த அதன் நான்காம் பதிப்பில், சேவையோடு தொடர்புள்ளவர்களை நன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. சேவை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி, அதன் பலனுக்குப் பொறுப்பேற்பவர் கஸ்டமர். கையாளுபவர் யூசர். பணத்துக்கு அனுமதி தருபவர் ஸ்பான்சர். ஒரே ஆள் மூன்றுமாக இருக்கலாம்தான், எங்கள் இடத்தில் அப்படி இல்லை.

லேபிள் சேவைக்கு மட்டும் எழுதிப் பார்த்தேன். கஸ்டமர் டிஸ்பாட்ச் மேலாளர், யூசர் பேக்கிங் அக்காக்கள், ஸ்பான்சர் அக்கவுண்ட்ஸ் மேலாளர். பணம் தருபவரிடமே நேரத்தையும் கேட்டு முடிவு செய்திருந்தார்கள்; சிக்கல் அங்கேதான். டிஸ்பாட்ச் சாரோடு பேசி, பராமரிப்பை ஞாயிறு காலைக்கு மாற்றினோம். பேக்கிங்கில் ஒரு அக்கா சொன்னது மேலாளர்கள் யாருக்கும் தோன்றாதது: கடைசி நேரத்தில் சைஸ் மாறினால் பெட்டி லேபிளை மறுபடி அடிக்க வேண்டும், லோடு ஏறி முடியும்வரை பிரிண்டர் வேண்டும். அதையும் சேவை நேரத்தில் சேர்த்தோம்.

ஸ்பேர் பிரிண்ட் ஹெட்டுக்கு அக்கவுண்ட்ஸ் சாரிடம் போனபோது, லாரி காத்திருப்புக் கட்டண பில்லைக் காட்டினேன். அன்றே கையெழுத்துப் போட்டார்.